மூடப்பட்ட அணி: சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழக ஆடவர் கூடைப்பந்து, 1982 – ஒரு நிகழ்வு ஆய்வு

எடுத்துக்கொண்ட நிகழ்வு

1982 ஜூலை 29 அன்று அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகத் தலைவர் தமது ஆடவர் கூடைப்பந்து அணியைக் கலைப்பதாக அறிவித்தார். அடுத்த பருவம் தொடங்கச் சுமார் நான்கு மாதங்களே இருந்தன. அந்த அணி நலிந்துபோன அணியும் இல்லை. இரண்டு முறை தேசியப் பட்டம் வென்றது. அதே ஆண்டு மார்ச்சில்கூடத் தேசியப் போட்டியில் ஆடியது. கலைக்கும்படி வெளியிலிருந்து யாரும் உத்தரவிடவில்லை. பல்கலைக்கழகம் தன் பெயரை நாடறியச் செய்த ஒன்றைத் தானே முன்வந்து நிறுத்தியது.

கல்லூரி விளையாட்டை நிர்வகிப்பவர்களும், அதற்கு நிதி கொடுப்பவர்களும், அதில் ஆடும் இளைஞர்களின் பெற்றோரும் படித்துப் பார்க்க வேண்டிய நிகழ்வு இது. சம்பவத்தில் நேரடியாகத் தொடர்புடைய தலைவர், பயிற்சியாளர்கள், வீரர், மாணவி, நன்கொடையாளர் ஆகியோரின் பெயர்களை இங்கே குறிப்பிடவில்லை. முந்தைய வரலாற்றுக்குத் தேவையான ஓரிருவர் பெயர்கள் மட்டும் வருகின்றன.

பின்னணி: அரங்கமே இல்லாத அணி

சென்னையில் லயோலா கல்லூரியையும் திருச்சியில் புனித வளனார் கல்லூரியையும் நடத்தும் அதே இயேசு சபைத் துறவிகள்தான் 1855-இல் சான் பிரான்சிஸ்கோவில் இந்தக் கல்வி நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அரசுப் பணமோ பெரும் நிலச்சொத்தோ இல்லாத நகரத்துக் கல்லூரி. கூடைப்பந்து அணிக்குச் சொந்தமாக அரங்கம் கிடையாது. பக்கத்தில் இருந்த உயர்நிலைப் பள்ளியின் கூடத்தில் பயிற்சி. பூங்கா ஓரத்தில் இருந்த கேசர் பெவிலியன் என்ற நகராட்சி அரங்கத்தில் ஆட்டம். வீடில்லாத அணி என்றே அவர்களுக்குப் பெயர் இருந்தது. அந்த நிலையிலும் 1949-இல் நியூயார்க்கில் நடந்த தேசிய அழைப்புப் போட்டியின் இறுதியாட்டத்தில் சிகாகோ லயோலாவை 48–47 என்று ஒரே புள்ளியில் வென்று கோப்பையைக் கொண்டுவந்தார்கள். அக்காலத்தில் அந்தப் போட்டிக்கு இருந்த மதிப்பு, இன்று பெரிதாகப் பேசப்படும், அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் அமைப்பான என்.சி.ஏ.ஏ. நடத்தும் தேசியப் போட்டிக்குச் சற்றும் குறைந்ததன்று.

இதே பல்கலைக்கழகத்தின் கால்பந்து அணியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அமெரிக்கக் கால்பந்தில் அந்த அணி 1951-இல் ஆடிய ஒன்பது ஆட்டங்களிலும் வென்றது. பருவ முடிவில் நடக்கும் புகழ்பெற்ற ஆட்டங்களுக்கு அழைப்பு வர வேண்டுமானால் அணியிலிருந்த இரண்டு கறுப்பின வீரர்களை விட்டுவிட்டு வர வேண்டும் என்ற நிபந்தனை எழுந்தது. வீரர்கள் மறுத்துவிட்டார்கள். அழைப்பு வரவில்லை, பணமும் வரவில்லை. செலவு தாங்காமல் அந்தப் பருவத்தோடு கால்பந்தே நிறுத்தப்பட்டது. 1982-இல் நடந்ததை இந்தப் பின்புலத்தில் பார்க்க வேண்டும். கொள்கைக்காக விலை கொடுத்த நினைவும், விளையாட்டைக் கைவிட்ட அனுபவமும் அந்த நிறுவனத்துக்கு ஏற்கெனவே இருந்தன.

அடுத்து வந்தது பொற்காலம். ஓக்லாந்து உயர்நிலைப் பள்ளி ஒன்றில் படித்து முடித்த பில் ரசலுக்கு உதவித்தொகை தர முன்வந்த பல்கலைக்கழகம் இது ஒன்றுதான். அவருடன் கே.சி. ஜோன்ஸ் சேர்ந்தார். ஆட்டத்தைத் தொடங்கும் ஐவரில் மூவர் கறுப்பினத்தவர் என்பது அன்றைய அமெரிக்காவில் எளிய காரியம் இல்லை. 1954 டிசம்பரில் ஓக்லஹோமா நகரத்துக்கு ஒரு போட்டிக்குப் போனபோது ஓட்டல்கள் கறுப்பின வீரர்களுக்கு அறை தர மறுத்தன. வெள்ளையின வீரர்கள் மட்டும் ஓட்டலில் தங்கிக்கொள்ளலாம் என்ற வாய்ப்பை அணி ஏற்கவில்லை. விடுமுறைக்காகப் பூட்டிக் கிடந்த ஒரு கல்லூரி விடுதியைத் திறக்கச் செய்து எல்லாரும் ஒன்றாகத் தங்கினார்கள். அந்தப் போட்டியை வென்றும் வந்தார்கள்.

அந்தப் பருவத்தில் 28 வெற்றி, ஒரே ஒரு தோல்வி. 1955 இறுதியாட்டத்தில் லா சால் அணியை 77–63 என்று வென்றார்கள். மறு ஆண்டு 29 ஆட்டங்களிலும் வெற்றி. இறுதியில் அயோவாவை 83–71 என்று வென்று, தோல்வியே காணாமல் என்.சி.ஏ.ஏ. பட்டம் பெற்ற முதல் அணி ஆனார்கள். தொடர்ச்சியாக 60 வெற்றி என்ற சாதனையை 1970களில் லாஸ் ஏஞ்சலஸ் நகரின் யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழக அணி வந்துதான் முறியடித்தது. வளையத்துக்கு அடியில் தாக்கும் வீரர் மூன்று வினாடிக்கு மேல் நிற்கக் கூடாத பகுதியின் அகலத்தை 6 அடியிலிருந்து 12 அடியாக விரித்தார்கள். ரசலின் ஆதிக்கமே அதற்குக் காரணம் என்று இன்றும் சொல்வார்கள். வளாகத்திலேயே சொந்த அரங்கம் கிடைத்தது இந்த வெற்றிகளுக்குப் பிறகு, 1958-இல்.

இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. பிற்காலத்தில் இந்த அணியைச் சுற்றிச் சேர்ந்த ஆதரவாளர்கள் துரத்தியது அந்த இரண்டு ஆண்டுகளைத்தான். 1964, 1965, 1973, 1974 ஆகிய நான்கு ஆண்டுகளிலும் இந்த அணி தேசியப் போட்டியின் கடைசி நான்கு அணிகளுக்கு ஒரு படி கீழே வரை வந்து, நான்கு முறையும் யு.சி.எல்.ஏ.விடம் தோற்றது. எட்டிப்பிடிக்கும் தூரத்தில் நின்று நான்கு முறை வெறுங்கையோடு திரும்பியவர்களின் மனம் எப்படி இருந்திருக்கும் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

1976–77 பருவத்தில் தொடர்ந்து 29 ஆட்டங்களை வென்று தரவரிசையில் முதலிடத்தில் நின்றார்கள். பருவத்தின் கடைசி ஆட்டத்தில் நோட்ர டாமிடம் தோல்வி. தேசியப் போட்டியின் முதல் சுற்றிலேயே லாஸ் வேகாஸ் அணியிடம் 121–95 என்று படுதோல்வி. கதை அங்கேயே நின்றிருந்தால் மனம் உடைந்த ஒரு நல்ல அணியின் கதையாக முடிந்திருக்கும்.

கவனிக்கப்பட்டவை

பணம் வந்த வழி

அன்றைய என்.சி.ஏ.ஏ. விதி தெளிவானது. கல்லூரி வீரருக்குக் கல்விக்கட்டணம், தங்குமிடம், சாப்பாடு, புத்தகம் ஆகியவற்றைத் தரலாம். அதற்கு மேல் ஆட்டத்துக்கென்று ஒரு டாலரும் தரக் கூடாது. கோடை விடுமுறையில் வீரர் வேலைக்குப் போகலாம். ஆனால் உண்மையாக வேலை செய்ய வேண்டும். அந்த ஊரில் அந்த வேலைக்கு என்ன கூலியோ அதைத்தான் வாங்க வேண்டும்.

விதி உடைவது இந்த இடத்தில்தான். அணியின் ஆதரவாளர் ஒருவருக்கு ஒரு நிறுவனம் இருக்கும். அந்த நிறுவனத்தின் சம்பளப் பட்டியலில் வீரரின் பெயர் ஏறும். மாதா மாதம் காசோலை எழுதப்படும். வரிப்பிடித்தம் முதல் கையெழுத்து வரை காகிதத்தில் எல்லாம் ஒழுங்காகவே இருக்கும். வேலைக்கு மட்டும் ஆள் வந்திருக்க மாட்டார். பல்கலைக்கழகத்தின் கணக்கில் இதற்குத் தடமே இருக்காது. பயிற்சியாளருக்குத் தெரிந்திருக்கலாம், தெரியாமலும் இருக்கலாம். தெரியாது என்று சொல்வதற்கு வசதியாகவே ஏற்பாடு அமைந்திருக்கும். கொடுப்பவர் பல்கலைக்கழகத்தின் ஊழியர் இல்லை என்பதால் அவரை வேலையிலிருந்து நீக்கவும் வழியில்லை. அவரே பல்கலைக்கழகத்துக்குப் பெரிய நன்கொடை தருபவராகவும் இருந்துவிட்டால், அவரிடம் கேள்வி கேட்பது யார்?

இரண்டு எச்சரிக்கைகள்

1970களின் பிற்பகுதியில் இந்த அணி இரண்டு முறை என்.சி.ஏ.ஏ.வின் நடவடிக்கைக்கு உள்ளாகிக் கண்காணிப்பில் வைக்கப்பட்டது. பல்கலைக்கழகத் தலைவர் 1977-இல்தான் பொறுப்புக்கு வந்திருந்தார். 1978-இலும் 1980-இலும் தலைமைப் பயிற்சியாளர்கள் மாறினார்கள். இனியும் ஒரு தவறு நடந்தால் அணியையே மூடிவிடுவேன் என்று தலைவர் வெளிப்படையாகவே எச்சரித்தார்.

இந்த நிகழ்வில் என் கவனத்தை மிகவும் ஈர்ப்பது இந்தக் கட்டம். முறைகேடு வெளியே வந்த பிறகும் அணியில் முக்கியமாக மாறியது பயிற்சியாளர் பதவி. பணம் வந்த வழியோ பயிற்சியாளரின் மேசையைத் தொடாமலேயே போகக்கூடியது. புதிதாக வருபவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், தமக்குத் தெரியாமல் தம் வீரர்களைத் தேடிவரும் ஒரு தொழிலதிபரை அவரால் எப்படித் தடுக்க முடியும்? தலைவரின் எச்சரிக்கை ஆதரவாளர்களின் காதில் விழாமல் இருந்திருக்காது. சாம்பியன் அணியை யாரும் மூடமாட்டார்கள் என்ற நம்பிக்கையில் அதை வெறும் மிரட்டலாக எடுத்துக்கொண்டவர்கள் இருந்திருக்கிறார்கள். அடுத்து நடந்தவற்றைப் பார்த்தால் வேறு விளக்கம் கிடைக்கவில்லை.

1981 டிசம்பரும் அதன் பின்னும்

1981 டிசம்பரில் வளாக விடுதியில் ஒரு மாணவி தாக்கப்பட்டார். செவிலியர் படிப்பு படித்துவந்தவர். விடுதியில் மாணவர்களுக்குப் பொறுப்பாளராகவும் இருந்தவர். குற்றம் சாட்டப்பட்டவர் அணியின் நட்சத்திர வீரர். அந்தப் பருவத்தில் ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 25 புள்ளிகளுக்கு மேல் எடுத்து, நாட்டின் தலைசிறந்த கல்லூரி வீரர்களில் ஒருவராகத் தேர்வானவர்.

வழக்கு நடந்தது. 1982 ஜூனில் அந்த வீரர், முதலில் சுமத்தப்பட்டதைவிடக் குறைந்த குற்றச்சாட்டான கடுந்தாக்குதலை ஒப்புக்கொண்டார். சிறைக்கு அனுப்பாமல் மூன்று ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பில் வைத்தது நீதிமன்றம். அதே மாதத்தின் இறுதியில் தொழில்முறைக் கூடைப்பந்து அணிகள் புதிய வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில் ஏழாவது ஆளாக அவரை சிகாகோ அணி எடுத்துக்கொண்டது. அங்கே பெண்கள் அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்தன.

இந்த வழக்கின் போக்கில்தான் இன்னொரு செய்தி வெளியே வந்தது. பல்கலைக்கழகத்தின் முக்கிய நன்கொடையாளர் ஒருவரின் நிறுவனத்தில் மாதம் 1,000 டாலர் சம்பளத்தில் தமக்கு வேலை இருந்ததாகவும், அந்த வேலையைத் தாம் செய்யவில்லை என்றும் அந்த வீரர் ஒப்புக்கொண்டார். இரண்டு கண்காணிப்புகளுக்கும், தலைவரின் வெளிப்படையான எச்சரிக்கைக்கும் பிறகு நடந்தது இது.

எடுக்கப்பட்ட முடிவும் காரணங்களும்

தலைவர் முன் இருந்த வழிகளை எண்ணிப் பார்க்கலாம். செய்தியை என்.சி.ஏ.ஏ.வுக்குத் தெரிவித்துவிட்டு அவர்கள் விசாரித்து முடிக்கும் வரை காத்திருந்திருக்கலாம். அதற்கு மாதங்கள், சில நேரம் ஆண்டுகள்கூட ஆகும். அதற்குள் பரபரப்பு அடங்கியிருக்கும். மீண்டும் ஒரு பயிற்சியாளரை மாற்றியிருக்கலாம். அந்த மருந்து ஏற்கெனவே பலிக்கவில்லை. குறிப்பிட்ட நன்கொடையாளரை மட்டும் விலக்கிவைத்திருக்கலாம்; அவர் போனால் அந்த இடத்துக்கு இன்னொருவர் வருவதற்குத் தடை ஏதும் இல்லை. ஓராண்டு மட்டும் அணியை நிறுத்தியிருக்கலாம். திரும்பி வரும் தேதி தெரிந்துவிட்டால் பழைய வட்டாரம் அப்படியே காத்திருக்கும்.

அவர் தேர்ந்தெடுத்தது தேதி குறிப்பிடாத மூடல். அறிவிப்பில் அவர் அழுத்திச் சொன்னவை இரண்டு. ஒன்று, இந்தச் சிக்கல்களால் ஏற்பட்ட பணச்செலவு பெரியதுதான் என்றாலும், பல்கலைக்கழகத்தின் நேர்மைக்கும் நற்பெயருக்கும் ஏற்பட்ட சேதம் அளவிட முடியாதது. இன்னொன்று, சில ஆட்டங்களை வெல்வதற்காகவும் நிலைக்காத ஒரு பெருமைக்காகவும் கல்வி நிறுவனங்களே தங்கள் கொள்கையை விலைபேசி, இளைஞர்களையும் அதற்கு உடந்தையாக்கினால், சட்டத்தை மதிக்கும் சமுதாயத்தை எப்படிக் கட்ட முடியும்?

முடிவு சரியா என்று கேட்டால் சரி என்றே நான் சொல்வேன். எச்சரித்தபடி நடந்துகொண்டார் என்பது மட்டும் அதற்குக் காரணம் இல்லை. நன்கொடையாளர்களின் செல்வாக்குக்கு ஆதாரம் அந்த அணிதான். அணி இருக்கும் வரை அவர்களுக்கு வேலை இருக்கும், நுழைய வாசல் இருக்கும், வீரர்களோடு பழக வாய்ப்பு இருக்கும். விளக்கில் எண்ணெய் இருக்கும்போது விட்டிலை மட்டும் விரட்டிப் பயனில்லை. அன்றைய விதிகளின்படி, பல்கலைக்கழகம் முழுமையாகத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருந்த ஒரே பொருள் அணி. தன் கையில் இருந்ததை அது நிறுத்தியது.

ஆனாலும் ஒன்றை மறைக்கக் கூடாது. மூடலுக்கு மையமான காரணமாக முன்வைக்கப்பட்டது பணம் தொடர்பான விதிமீறல். டிசம்பரில் தாக்கப்பட்ட மாணவியும் அதே பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் இருந்தவர். விடுதியில் பிறரின் பாதுகாப்பைக் கவனித்துக்கொள்ள அந்த நிறுவனமே அமர்த்தியவர். இந்த நிகழ்வைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் 1,000 டாலரைப் பற்றியும் தலைவரின் துணிவைப் பற்றியுமே பேசுகிறார்கள். விதிமீறல் வெளிச்சத்துக்கு வந்த பாதையாக மட்டும் அந்த மாணவிக்கு நேர்ந்தது சுருங்கிவிடுகிறது. அது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

தொடர்ந்து நடந்தவை

வெளியே வரவேற்பு இருந்தது. பயிற்சியாளர்களில் பலரும் என்.சி.ஏ.ஏ.வும் முடிவைப் பாராட்டினார்கள். இத்தகைய காரணத்துக்காக ஒரு பெரிய விளையாட்டைப் பல்கலைக்கழகம் தானாகவே நிறுத்துவது மிக அரிதான ஒன்று. உள்ளே நிலைமை வேறு. அணி இல்லாத பருவத்தில் முன்னாள் மாணவர்கள் வளாகத்துக்கு வரக் காரணம் குறைந்தது. 1958-இல் பெருமையோடு கட்டிய அரங்கத்தில் மூன்று குளிர்காலங்கள் அந்த அணியின் ஆட்டம் நடக்கவில்லை.

விதிமீறலோடு எந்தத் தொடர்பும் இல்லாத வீரர்கள்தான் உடனடியாகச் சிக்கலுக்கு உள்ளானவர்கள். ஜூலை இறுதியில் அணி இல்லை என்று தெரிந்த ஓர் இளைஞனுக்கு, பருவம் தொடங்குமுன் வேறு பல்கலைக்கழகத்தைத் தேடுவதா, படிப்பைத் தொடர்ந்து ஆட்டத்தை விடுவதா என்ற கேள்வி. பிற பல்கலைக்கழகங்கள் தங்கள் அணிகளுக்கு ஆள் எடுத்து முடித்துவிட்டிருக்கும் நேரம் அது. பணம் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் அந்தக் கோடையில் தொழில் இருந்தது. தெருவில் நின்றவர்கள் இவர்கள்.

மூன்று பருவங்கள் கடந்து, 1985–86-இல் அணி மீண்டும் களம் இறங்கியது. புதிய தலைமைப் பயிற்சியாளர் 1960களின் தொடக்கத்தில் இதே அணிக்கு ஆடியவர்; 1984-இல் சான் டியேகோ பல்கலைக்கழக அணியைத் தேசியப் போட்டிக்கு அழைத்துச் சென்றவர். ஆட்டம் தொடங்குவதற்கு வெகுமுன்பே அவரை நியமித்தார்கள். அது நல்ல முடிவு. ஆட்டமே இல்லாத காலத்தில் வீரர்களைத் தேர்ந்தெடுக்கவும், யார் அணியை அணுகலாம், யார் அணுகக் கூடாது என்பதை முதலிலிருந்து வரையறுக்கவும் அவகாசம் கிடைத்தது. அவர் பத்து ஆண்டுகள் அந்தப் பதவியில் இருந்தார். மூடலுக்கு முந்தைய நான்கு ஆண்டுகளில் இரண்டு முறை ஆள் மாறிய பதவி அது.

மூன்று ஆண்டு இடைவெளியின் பயனை நான் இப்படிப் பார்க்கிறேன். கல்லூரி வீரரின் ஆட்டக் காலம் நான்கு ஆண்டுகள். மூன்று பருவங்கள் நின்றால் பழைய அணியின் வழக்கங்களை அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுக்க யாரும் மிஞ்சமாட்டார்கள். எந்த நிறுவனத்தில் கோடை வேலை கிடைக்கும், யாருடைய வீட்டுக்குப் போனால் கையில் பணம் கிடைக்கும் என்பவை எழுதிவைக்கப்படுபவை இல்லை. மூத்த வீரர் இளையவரின் காதில் சொல்பவை. அந்தச் சங்கிலி அறுந்தது.

ஆட்டத்தில் இழந்தது அதிகம். மீண்டு வந்த பிறகு 2022 வரை தேசியப் போட்டிக்கு அவர்கள் போனது இரண்டே முறை: 1998-இல் ஒன்று, 2022-இல் ஒன்று. 2022-இல் மரே ஸ்டேட் அணியிடம் கூடுதல் நேரம் வரை போராடி 92–87 என்று முதல் சுற்றிலேயே தோற்றார்கள். இதே கூட்டமைப்பில் ஆடிவந்த இன்னொரு இயேசு சபைப் பல்கலைக்கழகமான கொன்சாகா, சிறிய நகரம் ஒன்றிலிருந்து எழுந்து 2017-லும் 2021-லும் தேசிய இறுதியாட்டம் வரை போனது. மூடாமல் இருந்திருந்தால் அந்த இடத்தில் சான் பிரான்சிஸ்கோ இருந்திருக்கும் என்று வருந்தும் பழைய ரசிகர்கள் உண்டு. எனக்கு அந்தக் கணக்கில் நம்பிக்கை இல்லை. 1982-இல் இருந்த நிலை நீடித்திருந்தால் என்.சி.ஏ.ஏ.வே அணியை முடக்கியிருக்க வாய்ப்பு அதிகம். ஐந்தாண்டுக்குள் இரண்டு பெரும் மீறல்கள் நடந்தால் அணியையே நிறுத்தலாம் என்ற விதியை அவர்கள் 1985-இல் கொண்டுவந்தார்கள். 1987-இல் டெக்சாஸின் சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகக் கால்பந்து அணி அந்த விதிக்கு இரையானது. அங்கேயும் வீரர்களுக்குப் பணம் கொடுத்தவர்கள் ஆதரவாளர்கள்தான்.

சான் பிரான்சிஸ்கோ காட்டிய வழியில் 1985-இல் நியூ ஆர்லியன்ஸின் டுலேன் பல்கலைக்கழகமும் நடந்தது. அங்கே வீரர்கள் சூதாடிகளோடு சேர்ந்து புள்ளி வித்தியாசத்தைக் குறைத்து ஆடியதாகப் புகார் எழ, பல்கலைக்கழகமே தன் ஆடவர் கூடைப்பந்து அணியைக் கலைத்தது. 1989–90 பருவத்தில்தான் அது திரும்பி வந்தது.

அணியை மூடிய தலைவர் 1991 வரை பதவியில் இருந்தார். மூடியவரே மறுபடி திறக்கவும் செய்தார். இது முக்கியம். ஒருவர் மூட, அடுத்து வருபவர் பழையபடி திறந்துவிட்டிருந்தால் நிபந்தனைகள் காகிதத்தோடு நின்றிருக்கும்.

இன்று நடந்தால் மாற வேண்டியவை

விதிகள் இன்று அடியோடு மாறிவிட்டன. 2021 ஜூலை முதல் வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துச் சம்பாதிக்கலாம். 2025-இல் ஒரு நீதிமன்றத் தீர்வின் பின் பல்கலைக்கழகங்களே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரத் தொடங்கிவிட்டன. மாதம் 1,000 டாலருக்காக ஓர் அணியையே மூடினார்களா என்று இன்றைய கல்லூரி வீரர் வியக்கக்கூடும். கோடிக்கணக்கில் வருமானம் ஈட்டித்தரும் ஆட்டத்தில் ஆடுபவனுக்கு மட்டும் ஒன்றும் கிடையாது என்ற பழைய விதி நியாயமானது என்று நானும் நினைக்கவில்லை.

ஆனால் இந்த நிகழ்வின் சிக்கல் தொகையில் இல்லை. செய்யாத வேலைக்குச் சம்பளம் என்று பொய்க் கணக்கு எழுதியதும், பல்கலைக்கழகத்தின் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு வீரர் ஒரு செல்வந்தருக்குக் கடமைப்பட்டவர் ஆனதும்தான் சிக்கல். புதிய ஏற்பாட்டில் வெளியார் ஒருவர் வீரரோடு செய்துகொள்ளும் 600 டாலருக்கும் அதற்கு மேலுமான ஒவ்வொரு ஒப்பந்தத்தையும் அறிவிக்க வேண்டும். அதற்கு உண்மையான வணிக நோக்கம் இருக்கிறதா என்று சரிபார்ப்பார்கள். 1978-இல் இப்படி ஒரு பதிவேட்டைப் பல்கலைக்கழகமே தன் அளவில் வைத்திருந்திருக்கலாம். கோடை வேலைக்குப் போகும் வீரர் யார், எந்த நிறுவனம், உரிமையாளர் நன்கொடையாளரா, மேற்பார்வையாளர் யார், வேலை நேரம் எவ்வளவு என்ற விவரங்கள் பயிற்சியாளரிடம் போகாமல் நிதி அலுவலகத்துக்குப் போயிருந்தால் போதும். முதல் எச்சரிக்கை வந்தபோதே செய்திருக்க வேண்டிய வேலை இது. ஒரு வீரர் வேலைக்கு வந்தாரா என்று நிறுவனத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு போட்டுக் கேட்கும் அதிகாரம் கொண்ட, பயிற்சியாளருக்குக் கட்டுப்படாத ஓர் ஊழியர் தேவைப்பட்டார்.

மாணவி தொடர்பான பகுதியில் மாற வேண்டியது இன்னும் அதிகம். வளாகத்தில் நடக்கும் குற்றங்களை வெளியிட வேண்டும் என்று அமெரிக்காவில் சட்டம் வந்ததே 1990-இல்தான். அதற்கு முன் ஒவ்வொரு நிறுவனமும் தனக்குத் தோன்றியபடி நடந்துகொண்டது. ஒரு வீரர் மீது இத்தகைய புகார் வந்தால் அதை விளையாட்டுத் துறையின் கையில் விடக் கூடாது. புகார் கொடுத்தவருக்குத் தங்குமிடம், வகுப்பு, தேர்வு ஆகியவற்றில் என்ன பாதுகாப்பு தரப்படுகிறது என்பதை முதல் நாளிலேயே எழுத்தில் தர வேண்டும். புகாருக்கு உள்ளானவர் களத்தில் இறங்கலாமா என்பதை அணியின் வெற்றி தோல்வியில் அக்கறை உள்ள எவரும் முடிவு செய்யக் கூடாது. அணியை மூடுவதற்கான காரணங்களை அடுக்கும்போது மாணவியின் பாதுகாப்பு முதலிடத்தில் வர வேண்டும், சம்பளப் பட்டியல் அதற்குப் பிறகு வரலாம்.

மீதமுள்ள வீரர்களைப் பொறுத்தவரை, மூடல் அறிவிப்பு வரும் அதே நாளில் மூன்று விஷயங்கள் அவர்கள் கையில் இருக்க வேண்டும். படிப்பு முடியும் வரை உதவித்தொகை தொடரும் என்ற உறுதிக் கடிதம்; வேறு அணிக்குப் போக விரும்பினால் காத்திருப்புக் காலம் இல்லாமல் விடுவிப்பு; அவர்களுக்காகப் பிற பயிற்சியாளர்களிடம் பேச நியமிக்கப்பட்ட ஒருவரின் பெயர். இதைத் தயார் செய்ய இரண்டு வாரம் ஆகும் என்றால் அறிவிப்பை இரண்டு வாரம் தள்ளிவைப்பதில் தவறில்லை. அந்த இடைவெளியில் செய்தி கசிந்தால் வரும் சங்கடத்தைப் பல்கலைக்கழகத் தலைவர் தாங்கிக்கொள்ளலாம். பத்தொன்பது வயது வீரனைத் தாங்கச் சொல்லக் கூடாது.